எண்பது சதம் பேர் போரை ஆதரிக்கிறார்களாம்

எங்கேயோ ஒரு போர் வெடித்தால் மூன்றாம் நாளே டிவியில் ஓர் எண் வந்துவிடுகிறது. எண்பது சதம் பேர் ஆதரவு, எழுபது சதம் பேர் எதிர்ப்பு, இப்படி ஏதாவது ஒன்று. அந்த எண்ணை வைத்துக்கொண்டு கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் பேக்கரி வாசல்களில் ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓடும். என்ன கேள்விக்கு வந்த பதில் அது, என்றைக்குக் கேட்டது, யார் யாரைக் கேட்டது என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காத ஊர், கருத்துக்கணிப்பு எண்ணை மட்டும் அப்படியே வாங்கிக்கொள்கிறது.

இந்தக் கட்டுரை அந்த எண்ணை எப்படிச் சோதிப்பது என்பதைப் பற்றியது. நம் பகுதியிலேயே ஒரு கல்லூரித் துறையோ, ஒரு சங்கமோ, நாலு நண்பர்களோ சேர்ந்து ஒழுங்காக ஒரு கணிப்பு நடத்த வேண்டுமென்றால் எங்கெங்கே சறுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. கொங்கு நாட்டுக்காரர் உலகச் சண்டையைப் பற்றிப் பேசுவது வெட்டிப்பேச்சு என்று நினைப்பவர்கள் கணக்குப் பார்க்காதவர்கள். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் விலை வீட்டு அடுப்பங்கரை வரை வந்து இடித்தது. நாம் இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி அதுவரை அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 2023 கடைசியில் செங்கடலில் ஏமன் நாட்டு ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபின் ஐரோப்பா போகும் கன்டெய்னர்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. கூடுதலாகப் பத்துப் பதினாலு நாள். சீசன் தேதிக்குள் சரக்கு போய்ச் சேரவில்லை என்றால் பனியன் கம்பெனிக்காரர் கைக்காசு போட்டு விமானத்தில் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாங்குபவருக்கு விலையைக் குறைக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 முதல், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி அமெரிக்கா இன்னொரு 25 சதம் வரி போட்டு மொத்தம் 50 சதம் ஆக்கியபோது, கட்டிங் மாஸ்டர் முதல் செக்கிங் பெண்கள் வரை உக்ரைன் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். ஆக, இங்கே கருத்து இல்லாமல் இல்லை. அதை எப்படிக் கேட்டு வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாக் கோளாறும்.

கேள்வியிலேயே பதில் இருக்கும்

2003 ஜனவரியில், ஈராக் மீது படையெடுப்பதற்கு முன், அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் ஒரு கேள்வி கேட்டது. சதாம் உசேன் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவர ராணுவ நடவடிக்கையை ஆதரிக்கிறீர்களா? 68 சதம் பேர் ஆம் என்றார்கள். அதே கேள்வியின் வாலில் ‘நம் வீரர்கள் ஆயிரக்கணக்கில் பலியாக நேர்ந்தாலும்?’ என்று சேர்த்துக் கேட்டபோது 43 சதம். அதே நாடு, அதே மாதம். இரண்டில் எந்தச் செய்தித்தாள் எதை எடுத்துப் போட்டாலும் அது பொய்யில்லை. ஆனால் ஒன்றைப் படித்தவர் நாடே போருக்கு நிற்கிறது என்று நினைப்பார், மற்றதைப் படித்தவர் நாடு தயங்குகிறது என்று நினைப்பார்.

இதைவிடப் பழைய சோதனை ஒன்று 1940-ல் அமெரிக்காவிலேயே நடந்தது. ஜனநாயகத்துக்கு எதிரான மேடைப்பேச்சை அனுமதிக்கலாமா என்று ஒரு பாதிப் பேரிடம் கேட்டார்கள். தடை செய்யலாமா என்று மறுபாதியிடம். அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் 75 சதம். தடை செய்யலாம் என்றவர்கள் 54 சதம் மட்டுமே. விளைவு ஒன்றுதான், ஆனாலும் இருபது புள்ளிக்கு மேல் வித்தியாசம்.

நம்மிடம் கேட்கும்போதும் இதேதான். ‘அப்பாவி மக்களைக் காப்பாற்ற இந்தியா தலையிட வேண்டுமா?’ என்று கேட்டால் பல்லடத்தில் இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? காரணத்தைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டால் பதிலை நாமே எழுதிக்கொண்டதாகத்தான் அர்த்தம். அதற்கு மாற்று, கேள்வித்தாளை இரண்டு வகையாக அச்சடிப்பது. அ தாளில் காரணம் இல்லாத கேள்வி. ஆ தாளில் செலவையும் உயிரிழப்பையும் சேர்த்த கேள்வி. இரண்டையும் ஒன்று மாற்றி ஒன்றாக அடுக்கி வைத்து, கேட்பவர் வரிசைப்படி எடுத்துக்கொண்டே போக வேண்டும். ‘பெரியவர் கோபக்காரராகத் தெரிகிறார், இவருக்கு அ தாள் போதும்’ என்று ஆளைப் பார்த்துத் தாளை மாற்றினால் சோதனை அத்தோடு கெட்டது. கடைசியில் இரண்டு எண்ணையும் சேர்த்தே வெளியிட வேண்டும். இரண்டுக்கும் இருபது புள்ளி இடைவெளி வந்தால் அந்த இடைவெளிதான் செய்தி.

‘தலையிடணும்’ என்றால் எதுவரை?

என் பார்வையில் மிகப் பெரிய ஓட்டை இதுதான். தலையீடு என்ற ஒரே சொல்லுக்குள் அரிசி மூட்டை முதல் பீரங்கி வரை எல்லாம் அடங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கு இது பட்ட பாடம். 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப்படையின் ஏஎன்-32 விமானங்கள் ஐந்து, யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து சுமார் 25 டன் நிவாரணப் பொருட்களைப் போட்டன. ஆபரேஷன் பூமாலை. அதற்கு முதல் நாள் படகுகளில் அனுப்பிய பொருட்களை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. அடுத்த மாதம் 29-ம் தேதி இந்திய-இலங்கை ஒப்பந்தம், உடனே அங்கே இந்திய அமைதிப்படை. அக்டோபரில் அந்தப் படை புலிகளோடு சண்டையில் இறங்கியாகிவிட்டது. 1990 மார்ச்சில் கடைசி அணி திரும்பியபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிர் இழந்திருந்தார்கள், சென்னையில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. 1987 ஜூனில் ‘இந்தியா தலையிட்டது சரியா?’ என்று கேட்டிருந்தால் ஆம் என்றிருப்பவர், 1988-ல் அதே கேள்விக்கு வேறு பதில் சொன்னால் அவர் மனம் மாறிவிட்டார் என்று எழுதிவிடுவார்கள். அவர் உணவுப் பொட்டலத்துக்குத் தலையாட்டியிருப்பார், சண்டைக்கு ஆட்டியிருக்க மாட்டார். இரண்டையும் ஒரே கட்டத்தில் டிக் அடிக்க வைத்தது கேள்வியின் குற்றம்.

தலையிடாமல் இருப்பதற்கும் விலை உண்டு என்பதைச் சேர்த்தே வைக்க வேண்டும். 1993 அக்டோபரில் சோமாலியத் தலைநகர் மொகதிசுவில் 18 அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்டு, அந்தக் காட்சிகள் டிவியில் ஓடியபின், அடுத்த பிரச்சினையில் கைவைக்க வாஷிங்டனுக்குத் துணிச்சல் இல்லை. ஆறே மாதத்தில் ருவாண்டா. இனப்படுகொலை தொடங்கி இரண்டு வாரத்தில், 1994 ஏப்ரல் 21 அன்று, ஐ.நா. பாதுகாப்பு அவை அங்கிருந்த தன் படையை 270 பேர் அளவுக்குக் குறைக்கத் தீர்மானம் போட்டது. நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள்.

ஆகவே கேள்வியைப் படிகளாக உடைக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக ஆம், இல்லை, சொல்லத் தெரியவில்லை. கண்டன அறிக்கை விடலாமா? ஐ.நா.வில் எதிர்த்து ஓட்டுப் போடலாமா? அரிசியும் மருந்தும் அனுப்பலாமா? அங்கிருந்து வரும் அகதிகளை நம் தாலுக்காவில் தங்க வைக்கலாமா? அந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தலாமா, நம்ம ஊர் ஆர்டர் போனாலும்? ஐ.நா. கொடியின் கீழ் வீரர்களை அனுப்பலாமா? நாமே சண்டையில் இறங்கலாமா? ஏழு படி போதும். சிலர் மூன்றாவது படியில் நின்றுவிடுவார்கள், சிலர் நான்கைத் தாண்டி ஆறுக்குத் தாவுவார்கள். படை அனுப்பச் சம்மதித்து, அகதி வேண்டாம் என்பவர் எத்தனை பேர் என்பது மட்டுமே ஒரு தனிக் கட்டுரைக்கான விஷயம்.

ஐ.நா. ஓட்டைப் பற்றிக் கேட்பதாக இருந்தால் உண்மையைச் சரியாகச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். 2022 மார்ச் 2 அன்று ரஷ்யாவைக் கண்டித்த பொதுச்சபைத் தீர்மானத்துக்கு 141 நாடுகள் ஆதரவு, 5 எதிர்ப்பு, 35 ஓட்டளிக்காமல் ஒதுங்கின. இந்தியா ஒதுங்கிய வரிசையில். காசா பற்றிய 2023 அக்டோபர் தீர்மானத்திலும் இந்தியா ஒதுங்கியது, டிசம்பர் 12 போர்நிறுத்தத் தீர்மானத்தில் ஆதரித்தது. ‘இந்தியா காசாவைக் கைவிட்டது சரியா’ என்று மொட்டையாகக் கேட்கும் தாளைக் கிழித்துப் போடலாம்.

செலவைப் பற்றிய கற்பனையும் ஒரு தொல்லை. அமெரிக்கர்களிடம் வெளிநாட்டு உதவிக்கு அரசு எவ்வளவு செலவழிக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் பட்ஜெட்டில் கால் பங்கு என்பது போலச் சொல்கிறார்கள். நிஜம் ஒரு சதத்தை ஒட்டியது. கால் பங்கு போகிறது என்று நம்புகிறவர் ‘குறைக்கணும்’ என்றால் அது எதைக் குறைக்கச் சொல்கிறது? நாமும் முதலில் ‘எவ்வளவு போகும்னு நினைக்கிறீங்க?’ என்று கேட்டு எழுதிக்கொண்டு, பிறகுதான் கருத்தைக் கேட்க வேண்டும். 1971-ல் வங்கதேச அகதிகளுக்காக ஒவ்வொரு கடிதத்துக்கும் ஐந்து பைசா கூடுதல் தபால்தலை ஒட்டினோம். செலவு அப்படிக் கைக்குத் தெரிகிற அளவில் இருந்தால் பதிலும் நேர்மையாக வரும்.

தெரியாததற்கும் பதில் சொல்வார்கள்

இல்லாத ஒரு சட்டத்தின் பெயரைச் சொல்லி அமெரிக்காவில் கருத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் ஆதரவு, எதிர்ப்பு என்று தெளிவாகச் சொன்னார்கள். நம் பக்கம் இந்தத் தொல்லை இன்னும் கூடுதலாகவே இருக்கும். வீடு தேடி வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்ற மரியாதை. ‘ஆமாங்க, நீங்க சொல்றது சரிதாங்க’ என்று மோரும் கொடுத்து அனுப்புவார்கள். அந்த ஆமாங்க உங்களுக்கானது, கேள்விக்கானது இல்லை.

இதைத் தவிர்க்க மூன்று வேலை செய்யலாம். ஆதரிக்கிறீர்களா என்று ஒரு பக்கமாகக் கேட்காமல், இரண்டு கருத்தையும் சம எடையில் வைத்து ‘சிலர் இப்படிச் சொல்றாங்க, சிலர் அப்படிச் சொல்றாங்க, உங்களுக்கு எதுங்க ஒத்துவருது?’ என்று கேட்பது. அதற்கும் முன்னால் ‘சூடான் சண்டையைப் பத்திக் கேள்விப்பட்டீங்களா, இல்லீங்களா?’ என்று ஒரு வடிகட்டிக் கேள்வி. கேள்விப்படவில்லை என்றால் கருத்துக் கேள்வியைத் தாண்டிவிட வேண்டும். மூன்றாவதாக, ‘சொல்லத் தெரியலீங்க’ என்பதை அச்சிலேயே ஒரு பதிலாகப் போடுவது. அதைப் போட்டால் ஒரு பெரும் பங்கு அங்கே போய் நிற்கும், செய்தியாளருக்குப் பிடிக்காது. அது உண்மையான அளவு.

கேள்விகளின் வரிசையும் விளையாடும். 1948-ல் அமெரிக்கர்களிடம் கம்யூனிச நாட்டுப் பத்திரிகையாளரை உள்ளே விடலாமா என்று முதலில் கேட்டால் 36 சதம் ஆம். நம் பத்திரிகையாளரை ரஷ்யா உள்ளே விட வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் பிறகு கேட்டால் 73 சதம். நியாயம் என்று ஒன்றை முதல் கேள்வி நினைவூட்டிவிட்டது. ஈழத்தைப் பற்றிக் கேட்டபின் காசாவைப் பற்றிக் கேட்டால் இங்கே என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். அதற்காக ஈழத்தைக் கேட்காமல் விட வேண்டியதில்லை. பாதித் தாளில் முன்னால், பாதித் தாளில் பின்னால் போட்டால் விளைவு தெரிந்துவிடும்.

யாரைக் கேட்பது

1936-ல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்க இதழ் ஒரு கோடிச் சீட்டுகளை அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, ஜனாதிபதித் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் வாரிச் சுருட்டினார். போன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்து ஆள் எடுத்ததும், கோபத்தில் இருந்தவர்களே அதிகம் பதில் போட்டதும் காரணம். யூடியூப் சேனலில் ‘போர் வேண்டுமா வேண்டாமா’ என்று ஓட்டெடுத்து மூன்று லட்சம் பேர் சொன்னார்கள் என்பதும் இதே கதைதான். ஆள் தொகை பெருகினால் பிழை குறையும் என்பது, ஆளை நாம் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால் மட்டுமே உண்மை.

பேக்கரியில் கேட்பதும் கூடாது. அங்கே ஆண்கள், அதுவும் பேசப் பிடித்த ஆண்கள். ஒருவர் சொல்வதைக் கேட்டு அடுத்தவர் சொல்வார்.

நடைமுறையில் கையில் கிடைக்கும் நல்ல பட்டியல் வாக்காளர் பட்டியல்தான். 400 பேர் என்று வைத்துக்கொள்வோம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலத்திலிருந்து மக்கள்தொகை விகிதப்படி 40 வாக்குச்சாவடிப் பாகங்களைக் குலுக்கி எடுங்கள். ஒவ்வொரு பாகத்திலும் 10 பேர். பாகத்தில் 1,000 பெயர் இருந்தால், 1 முதல் 100-க்குள் ஓர் எண்ணைக் குலுக்கி, அதிலிருந்து நூறாவது நூறாவது பெயராக எடுத்துக்கொண்டு போக வேண்டியது. 37 விழுந்தால் 37, 137, 237.

20 பாகத்தில் 20 பேராக எடுத்தால் பஸ் செலவு மிச்சம் என்று தோன்றும். ஒரே தெருக்காரர்கள் ஒரே மாதிரி நினைப்பதால் அது நட்டம். அந்த ஒற்றுமை (0 என்றால் துளியும் இல்லை, 1 என்றால் தெருவே ஒரே பதில்) 0.05 அளவில் இருந்தால்கூட, இருபது பேர் கொத்தில் 400 தாள் சுமார் 205 தாளின் பலத்துக்கு இறங்கிவிடும், பிழை கூட்டல் கழித்தல் 7 புள்ளி. பத்துப் பேர் கொத்தில் 276 தாளின் பலம், பிழை 6 புள்ளி. செய்தித்தாளில் போடும் ‘5 சதம் பிழை’ என்பது கொத்தே இல்லாமல் 400 பேரையும் தனித்தனியாகக் குலுக்கினால் மட்டும் வருவது.

பட்டியலில் பெயர் வந்தவர் வீட்டில் இல்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துப் போடுவதுதான் களத்தில் நடக்கும் முதல் ஏமாற்று. பகலில் வீட்டில் இருப்பவர்கள் முதியவர்கள். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் டெய்லர் இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு சேர்வார், அவரை ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பிடிக்க முடியும். சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுபவருக்கு ஷிப்ட் மாறும் நேரம் பார்க்க வேண்டும். மூன்று முறை, மூன்று வேறு நேரங்களில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பெயரை அடிக்க வேண்டும், அடித்ததையும் எண்ணி வெளியிட வேண்டும். ஒருவர் ஒரு நாளைக்கு இப்படி எட்டுப் பத்துத் தாளுக்கு மேல் நிரப்பிவிட்டு வந்தால் சந்தேகப்படுங்கள். பெண்ணின் பெயர் வந்தால், ‘அவர்கிட்டயே கேளுங்க’ என்று கணவரைக் கைகாட்டுவது சாதாரணம். பெண்ணைக் கேட்கப் பெண்ணே போனால் பாதிப் பிரச்சினை தீரும்.

இந்தப் பட்டியலில் இல்லாத இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து கம்பெனி விடுதிகளில் இருப்பவர்கள். அவர்கள் ஓட்டு ஊரில் இருக்கும். மற்றது பவானிசாகர், பூலுவப்பட்டி, இராயனூர், அரச்சலூர் முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள். போர் என்றால் என்ன என்று இந்தப் பகுதியில் நேரடியாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் பெரும்பாலோர் இந்தியக் குடிமக்கள் இல்லை, அதனால் வாக்காளர் பட்டியலை வைத்து எடுக்கும் கணிப்பில் அவர்கள் வருவதில்லை. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் முகாமுக்குள் போய்த் தாளை நீட்டுவது அவர்களுக்குத்தான் வம்பு. அனுமதி வாங்கிக் கேட்டாலும் தனி அட்டவணையாகவே போட வேண்டும், மொத்தத்தில் கலக்கக் கூடாது.

பயந்து சொல்லும் பதில்

தன் நாடே போரில் இருக்கும்போது எதிர்ப்பைச் சொல்ல ஆளுக்குத் தைரியம் வராது. அதற்கு ஒரு வழி, பட்டியல் முறை. பாதிப் பேருக்கு மூன்று வாசகம் கொடுத்து ‘எது எதுன்னு சொல்ல வேண்டாம், எத்தனை உங்களுக்குச் சம்மதம்னு எண்ணை மட்டும் சொல்லுங்க’ என்பது. மறுபாதிக்கு அதே மூன்றோடு நான்காவதாக ‘இந்தப் போர் தேவையில்லாதது’. முதல் பாதியின் சராசரி 1.5, இரண்டாம் பாதியின் சராசரி 1.9 என்று வந்தால், வித்தியாசம் 0.4. அதாவது 40 சதம் பேர் போர் தேவையில்லை என்று நினைக்கிறார்கள், ஆனால் எந்த ஒருவரும் அதை வாயால் சொல்லவில்லை. 2022-ல் ரஷ்யர்களிடம் இணையத்தில் நடந்த ஓர் ஆய்வில் நேரடியாகக் கேட்டபோது போருக்கு 68 சதம் ஆதரவு, பட்டியல் முறையில் 53 சதம்.

முறை அழகானது, ஆனால் தாள்களைத் தின்னும். 200 பேருக்கு 200 பேர் என்றால் பிழை 15 புள்ளியைத் தாண்டும், ஒன்றுக்கும் உதவாது. பாதிக்கு ஆயிரம் பேர் இருந்தால் 7 புள்ளிக்கு இறங்கும். மற்ற மூன்று வாசகங்களில் ஒன்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்புவது, ஒன்று யாருமே ஒப்பாதது, ஒன்று பாதிக்குப் பாதி என்று இருக்க வேண்டும். நாலுமே சம்மதம் என்று சொல்ல நேரும் ஆளுக்கு மறைவு கிடைக்காது.

தேதியைப் பாருங்கள்

போர் தொடங்கிய வாரத்தில் பெரும்பாலும் ஆதரவு ஏறும். 1991 வளைகுடாப் போர் முடிந்த கையோடு அமெரிக்க ஜனாதிபதி மூத்த புஷ்ஷுக்கு, காலப் (Gallup) என்ற கணிப்பு நிறுவனத்தின் கணக்கில் 89 சதம் ஆதரவு. அடுத்த ஆண்டு தேர்தலில் தோற்றார். 2025 மே 7 முதல் 10 வரை ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில் எடுத்த எந்த எண்ணும் அந்த நாலு நாளைப் பற்றியது. இரக்கத்துக்கும் இதே கதிதான். 2015 செப்டம்பரில் துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிரியச் சிறுவன் ஆலன் குர்தியின் படம் வந்தபின், ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் சிரிய நிதிக்குத் தினமும் நன்கொடை தருபவர்கள் எண்ணிக்கை நூறு மடங்கு ஆனது. ஆறு வாரத்தில் வேகம் அடங்கிவிட்டது.

ஒரே கணிப்பை நம்புவதைவிட, எழுத்து மாறாத அதே கேள்வியை ஆறு வாரம், ஆறு மாதம், ஒரு வருடம் விட்டுக் கேட்பது பத்து மடங்கு பயன். வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறா என்ற ஒரே வாசகத்தை காலப் நிறுவனம் திரும்பத் திரும்பக் கேட்டது. 1965 ஆகஸ்டில் தவறு என்றவர்கள் 24 சதம், 1971 மே மாதம் 61 சதம். இடையில் யாராவது கேள்வியை மெருகேற்றியிருந்தால் இந்தக் கோடே கிடைத்திருக்காது.

முடிவை வெளியிடும்போது அ தாள், ஆ தாள் இரண்டையும் முழுசாக அச்சிடுங்கள். களத் தேதிகள், எத்தனை பாகம், எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை பேரைப் பிடிக்க முடியவில்லை, எத்தனை பேர் தெரியாது என்றார்கள் எல்லாம் முதல் பக்கத்தில் வர வேண்டும். 400 தாளை வைத்துக்கொண்டு 63.7 சதம் என்று புள்ளிக்குப் பிறகு எண் போடாதீர்கள். 64 என்றாலே அதிகம், அறுபதுக்கு மேல் என்றால் சரி.